தூண்டியும் பயனர் உள்ளீடும்: வழுநீக்கி ஒன்றை உதாரணமாகக் கொண்டு

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: செய்நிரலாக்கம்

மாணவர்களே! "உள்ளீடு, முறைவழி, வெளியீடு" என்னும் மூன்றையும் எல்லோரும் மனனம் செய்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் பயனர் பிழையாக உள்ளிட்டால் செய்நிரல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. இப்பாடம் அந்த இடத்தைப் பற்றியது.

1. தூண்டி என்றால் என்ன?

கணினி கூடத்தில் 'ப்ரொம்ப்ட்' என்று நாம் சொல்வதே தூண்டி ஆகும். "நான் தயார், நீங்கள் உள்ளிடலாம்" என்பதைச் செய்நிரல் பயனருக்கு அறிவிக்கும் குறி அது. தூண்டி இல்லாவிட்டால் கணினி வேலை செய்கிறதா, நமக்காகக் காத்திருக்கிறதா என்று தெரியாது.

பாஸ்கலில் தூண்டியைக் காட்ட 'ரைட்' பொருத்தமானது. அது சுட்டியை அதே வரியில் நிறுத்தும். 'ரைட்லைன்' சுட்டியை அடுத்த வரிக்குக் கொண்டு சென்றுவிடும்.

2. வழுநீக்கி எவ்வாறு உள்ளீட்டைக் கையாள்கிறது?

செய்நிரலிலுள்ள வழுக்களைத் தேட உதவும் மென்பொருள் வழுநீக்கி எனப்படும். 1986ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி இதற்குச் சிறந்த உதாரணமாகும். நீங்கள் பயன்படுத்தும் ப்ரீ பாஸ்கல் மென்பொருளில் எஃப்7, எஃப்8 சாவிகளால் ஒவ்வொரு வரியாக இயக்கிப் பார்க்கும்போது பின்னணியில் வேலை செய்வதும் ஜிடிபியே.

ஜிடிபியைத் தனியாக இயக்கினால் அதன் பெயரே அடைப்புக்குறிக்குள் தூண்டியாகத் தோன்றும். அது பின்வரும் ஒழுங்கில் இயங்கும்:

(அ) தூண்டியைக் காட்டும்.
(ஆ) ஒரு வரியை வாசிக்கும்.
(இ) அது தனக்குத் தெரிந்த கட்டளையா எனப் பார்க்கும்.
(ஈ) தெரிந்ததாயின் நிறைவேற்றும். தெரியாததாயின் வழுச் செய்தி தரும்.
(உ) மீண்டும் தூண்டிக்கு வரும்.

பிழையான கட்டளைக்காக அது நின்றுபோவதில்லை என்பதைக் கவனிக்க. மேலும் மூன்று சிறப்புகள் உள்ளன.

• வெற்று வரி: ஒன்றும் தட்டாமல் என்டர் சாவியை அழுத்தினால் முந்திய கட்டளை மீண்டும் நிறைவேறும். ஆனால் செய்நிரலைத் தொடக்கத்திலிருந்து ஓட்டும் கட்டளை இவ்வாறு மீளாது. தவறுதலாக மீண்டால் தொல்லை தரும் கட்டளைகள் விலக்கப்பட்டுள்ளன.

• உறுதிப்படுத்தல்: செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியேற முயன்றால் ஆமா, இல்லையா எனக் கேட்கும். வேறு எதையாவது தட்டினால் விடையாக ஏற்காது, மீண்டும் கேட்கும்.

• உள்ளீடு சாவிப்பலகையிலிருந்து வராதபோது: கட்டளைகள் ஒரு கோப்பிலிருந்து வந்தால் கேள்விக்கு விடை சொல்ல ஆள் இல்லை. அப்போது 'ஆம்' என்று தானே எடுத்துக்கொள்ளும்.

கவனிக்க: சோதிக்கப்படும் செய்நிரலும் உள்ளீடு கேட்கலாம். அந்நேரத்தில் வழுநீக்கியின் தூண்டி திரையில் இராது. நீங்கள் தட்டுவது உங்கள் செய்நிரலுக்கே போகும். எனவே தட்டுவதற்கு முன் "இப்போது கேட்பது யார்?" என்று பாருங்கள்.

3. உள்ளீட்டைச் செல்லுபடியாக்கல்

இருப்புச் சரிபார்ப்பு – ஏதாவது உள்ளிடப்பட்டுள்ளதா?
தரவு வகைச் சரிபார்ப்பு – எண் கேட்ட இடத்தில் எண் உள்ளதா?
வீச்சுச் சரிபார்ப்பு – எண் எல்லைக்குள் உள்ளதா?

எண்ணை எதிர்பார்க்கும் 'ரீட்லைன்' கூற்றுக்கு எழுத்துக்களைக் கொடுத்தால் பாஸ்கல் செய்நிரல் 106ஆம் இலக்க இயக்கநேர வழுவுடன் நின்றுவிடும். மறை எண்ணைக் கொடுத்தால் நிற்காது. பிழையான விடையைத் தரும். இரண்டாவதே ஆபத்தானது. ஏனெனில் பிழை நடந்ததே தெரியாது.

4. மாதிரி வினா

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கும் கடையொன்றின் இருப்பைக் கணக்கிடும் போலிக்குறிமுறை வருமாறு:

தொடக்கம்
  இருப்பு = 0
  மீளச்செய்க
    காட்டு "கட்டளை> "
    உள்ளிடு க
    க = "சேர்" எனின்
      மீளச்செய்க
        காட்டு "எத்தனை சாரம்? "
        உள்ளிடு எ
      (எ >= 1 உம் எ <= 100 உம்) ஆகும் வரை
      இருப்பு = இருப்பு + எ
    அன்றேல் க = "காட்டு" எனின்
      காட்டு இருப்பு
    அன்றேல் க <> "முடி" எனின்
      காட்டு "அறியாத கட்டளை"
    எனின் முடிவு
  க = "முடி" ஆகும் வரை
முடிவு

பயனர் முறையே சேர், 150, 20, காடு, காட்டு, முடி என உள்ளிடுகிறார்.

(i) "கட்டளை> " எத்தனை தடவை தோன்றும்?
(ii) "எத்தனை சாரம்? " எத்தனை தடவை தோன்றும்?
(iii) காட்டப்படும் இருப்பு யாது?
(iv) வெளிச்சுற்றில் நிபந்தனை இறுதியில் சோதிக்கப்படுவது ஏன் பொருத்தமானது?
(v) "எத்தனை சாரம்?" எனக் கேட்கும்போது பயனர் "முடி" எனத் தட்டினால் பாஸ்கலில் என்ன நடக்கும்? எவ்வாறு தவிர்க்கலாம்?

விடைகள்

(i) 4. சேர், காடு, காட்டு, முடி ஆகியவையே கட்டளைகளாக வாசிக்கப்பட்டன.
(ii) 2. 150 வீச்சுக்கு வெளியே இருப்பதால் மீண்டும் கேட்கப்பட்டது.
(iii) 20. 150 கூட்டப்படவில்லை.
(iv) கட்டளையை வாசித்த பின்னரே அது "முடி"தானா எனச் சோதிக்க முடியும். எனவே தூண்டி ஒரு தடவையாவது காட்டப்பட வேண்டும்.
(v) அந்தச் சொல் கட்டளையாக அன்றி எண்ணிக்கையாக வாசிக்கப்படும். 106ஆம் இலக்க வழுவுடன் செய்நிரல் நின்றுவிடும், அதுவரை சேர்த்த இருப்பும் இழக்கப்படும். தவிர்ப்பதற்கு எண்ணிக்கையைச் சரமாக வாசித்து 'வெல்' மூலம் எண்ணாக மாற்றலாம். மாற்றம் சரியாயின் அதன் மூன்றாவது பரமானம் 0 ஆகும்; பிழையாயின் பிழையான எழுத்தின் இடத்தைக் காட்டும்.

பயிற்சி: "முடி" எனத் தட்டியதும் உறுதிப்படுத்தக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடையை மட்டும் ஏற்குமாறு மேலுள்ள போலிக்குறிமுறையைத் திருத்தி எழுதுக. எழுதியபின் ஆறு உள்ளீடுகளை நீங்களே தெரிவுசெய்து ஒவ்வொரு வரியாகத் தடங்காண்க. அவற்றில் இரண்டாவது பிழையான உள்ளீடாக இருக்கட்டும். பரீட்சைத் தாளில் புள்ளி குறையும் இடம் அங்கேதான்.