சுமையும் உடுக்கையும்

நாகர்கோவிலின் வடபால் அமைந்தது வடசேரி. கோயில் நகை செய்யும் கைவினைஞராலும் கனகமூலம் சந்தையாலும் பெயர் பெற்ற இடம் அது. அங்கிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. என் இளமையில், ஒரு பங்குனி மாதத்தில், யானும் என் நண்பன் ஒருவனும் அவ்வழியே மிதிவண்டிகளில் புறப்பட்டோம். வழியில் ஒரு சிற்றூரில் அம்மன் கொடை. அன்றிரவு வில்லுப்பாட்டில் உடுக்கை அடிக்கும் பொறுப்பு என்னுடையது. மறுநாள் குமரியில் கதிரவன் எழுவதைக் காண வேண்டும் என்பது எங்கள் அவா.

மாணவர்களே, வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டின் உயிர்க்கலைகளுள் ஒன்று. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை அதற்குரிய கருவிகள். வில்லும் குடமும் புலவரோடு முன்னரே சென்றுவிட்டன. இடை சுருங்கி, இருபுறமும் மெல்லிய தோல் போர்த்த உடுக்கை மட்டும் என்னிடம் இருந்தது. இரு தோல்களையும் இணைக்கும் கயிறுகளை இடையிற் பற்றி அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஈரம் பட்டாலோ தோல் தளர்ந்து ஒலி மழுங்கிவிடும். இதனை யான் அறிவேன். அறிந்தும் என் செய்தேன்!

ஓரிரவுப் பயணத்திற்கு ஒரு திங்களுக்குரிய பொருள்களைக் கட்டினோம். தகரப்பெட்டி, அரிசி மூட்டை, அடுப்பு, பாய், தலையணை ஆகிய அனைத்தும் பின்பலகையில் மலைபோல் ஏறின. உடுக்கைக்கு இடமில்லை. அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். சுசீந்திரத்தில் பழையாற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஒதுங்க எண்ணிக் கைப்பிடியைத் திருப்பினேன். உயர்ந்த சுமை ஒருபுறம் சாய, தொங்கிய உடுக்கை மறுபுறம் ஆட, வண்டியும் யானும் வயல்வரப்பில் வீழ்ந்தோம். மூட்டை வரப்பின் மேலேயே தங்கிற்று. உடுக்கை வாய்க்காலில் மிதந்தது.

புலவர் அதனை வாங்கித் தட்டிப் பார்த்தார். "தம்பி, அரிசி நனையாமல் வந்து சேர்ந்துவிட்டது போலும்!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஓலைத்தீ மூட்டி, தோல் வெடிக்காதவாறு எட்டப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். ஊரார் காத்திருந்தனர். முடிவில் உடுக்கையின்றியே காப்புப் பாடத் தொடங்கினார். நள்ளிரவு அணுகிய பின்னரே என் கருவி வாய் திறந்தது. அதுவரை சபையின் ஓரத்தில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தேன்.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவினின்றும் பெருஞ்சக்கர மிதிவண்டியிற் புறப்பட்டு, கடல்களைக் கப்பலில் கடந்து, 1886 டிசம்பரில் யோக்கோகாமாவில் தம் உலகப் பயணத்தை முடித்தார். புறப்படுகையில் அவர் கொண்டவை காலுறைகள், ஒரு மாற்றுச்சட்டை, கூடாரமும் படுக்கையுமாக உதவிய ஒரு மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியனவே. நம் முன்னோரான கூத்தரும் இவ்வகையில் தேர்ந்தவரே. முழவு, ஆகுளி, குழல் முதலிய கருவிகளைப் பையிலிட்டுச் சுருக்கிக் கட்டி, பலாக்காய்க் கொத்துப் போலத் தோளிற் சுமந்து மலைவழி ஏறியதை மலைபடுகடாம் தொடக்கத்திலேயே காட்டுகிறது. 583 அடிகள் கொண்ட அந்நூலில் அவர்தம் அரிசி மூட்டையை யான் இன்னும் கண்டிலேன்!

கொடை முடிந்த விடியற்காலையில் மூட்டைகளை அவ்வூரிலேயே ஒரு வீட்டில் ஒப்படைத்தோம். இன்றியமையாதவற்றை மட்டும் இரு சிறு பைகளாக்கி, எடை ஒத்திருக்குமாறு, பின்சக்கரத்தின் இருமருங்கும் தாழக் கட்டினோம். கனம் தாழ்ந்திருந்தால் வண்டி தள்ளாடாது. கைப்பிடி வெறுமையாயிருந்தால் எளிதில் திரும்பும். உடுக்கையைத் துண்டிற் சுற்றிப் பின்பலகையின் நடுவே இருத்தினேன்.

கொட்டாரத்தைக் கடந்தபோது கீழ்வானம் வெளுத்தது. விரைந்து மிதித்தோம். குமரி முனையை அடையவும் கதிரவன் கடலினின்றும் மேலெழவும் சரியாக இருந்தது. மகிழ்ச்சி மிகுதியால் துண்டை அவிழ்த்து உடுக்கையைத் தட்டினேன். கடற்காற்றின் ஈரத்தில் தோல் மீண்டும் தளரலாயிற்று. இடைக்கயிற்றை அழுத்திச் சுருதி சேர்த்துக்கொண்டே அடித்தேன். நண்பன் மணலில் அமர்ந்து தாளமிட்டான்.