கரிசல் காட்டில் செங்கல் வீடு

அன்புத் தம்பிக்கு,

கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் தோட்ட வீட்டுக்கு நீ வரைந்த படத்தைப் பார்த்தேன். லட்சணமாக இருக்கிறது. ஆனால் வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து, ‘இந்தப் பக்கம் வெயில் வராது’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாயே, அது டெல்லிக்குப் பெரும்பாலும் பொருந்தும். கோவில்பட்டி வட அட்சரேகை 9 பாகைச் சொச்சத்தில் இருக்கிற ஊர். சித்திரை பிறக்கிற சமயம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்புறம் ஆவணி நடு வரைக்கும் வடக்கே சாய்ந்துதான். கண்ணாடியைக் குறைத்து அங்கேயும் ஒரு தாழ்வாரம் இறக்கு.

செங்கல் என்றாலே குளிர்ச்சி என்பார்கள், நம்பாதே. 9 இஞ்சுச் சுவர் சூட்டைத் தடுப்பதைவிடத் தாமதப்படுத்துவதுதான் அதிகம். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் ஏறிய சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். சம்சாரி பாயை விரித்துப் படுத்திருக்கும் நேரம் அது. படுக்கையறையைக் கிழக்கே தள்ளு. மேற்கில் குளியலறையும் மண்வெட்டி, மோட்டார் சாமான் போடும் அறையும் இருக்கட்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியோடு அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் பெரிய ஜன்னலும் வீண்.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டையே சொல்வேன். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. கனம் அதே 9 இஞ்சு. கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். சூளையில் எரியும் விறகும் அந்த அளவுக்குக் குறையும். சுற்றுச்சூழலைப் பற்றி நீ இணைத்திருந்த நீண்ட குறிப்பைவிட இது பெரிய காரியம்! பழக்கமில்லாத கொத்தனார், பொந்து இருந்தால் சுவர் நிற்காது என்று பயந்து கலவையை உள்ளே தள்ளிவிடுவார். முதல் நாள் கூடவே நில். கல் ஒரே அளவில் கிடைக்கிறதா என்று சூளையிலேயே பார்த்துக்கொள். வயரிங் குழாய் போகும் வழியை முன்கூட்டியே தீர்மானி. எலக்ட்ரீஷியன் பிறகு உளியோடு வந்தால் அந்தச் சுவர் தாங்காது.

இதையெல்லாம் செய்துவிட்டு மேலே வெறும் கான்கிரீட்டை விட்டால் பிரயோசனமில்லை. நாள் முழுக்க வெயில் வாங்குவது கூரைதான். தேக்கு உத்தரம் போட்டு மெட்ராஸ் டெரஸ் கட்ட இன்றைக்கு யாருக்குக் கட்டுப்படியாகும்? அதன் மேல்பாதியையாவது எடுத்துக்கொள்: கான்கிரீட்டின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், அதற்கு மேல் தட்டோடு, வெள்ளைப் பூச்சு. எஸ்டிமேட்டில் வெதரிங் கோர்ஸ் என்று வருவது இதுதான். பணம் இடித்தால் எல்லாரும் முதலில் வெட்டுவதும் இதைத்தான். நீ வெட்டவிடாதே, முன்வாசல் அலங்காரத்தை வெட்டச் சொல்.

அஸ்திவாரத்துக்கு வழக்கமான கல்கட்டு காட்டியிருக்கிறாய். கரிசல் மண் ஐப்பசி மழையில் உப்பும், கோடையில் வாய் பிளக்கும். மேலே இருக்கிற செங்கல் சுவரும் சேர்ந்து விரிசல் விடும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை மண்ணுக்குள் இறக்கும் அண்டர் ரீம்டு பைல் முறையை உருவாக்கியது. அது இங்கே வேண்டுமா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அறிக்கை கைக்கு வந்ததும் அனுப்பு, அறைகளை மாற்றிய படத்தோடு.

அன்புடன்,
உன் அண்ணன்