காதுப் பக்கத்திலிருந்து செலவைத் தொடங்குங்கள்

ஸ்ட்ரீமிங்கில் பாட்டுக் கேட்பவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஸ்ட்ரீமரை மாற்றட்டுமா, டிஏசியை மாற்றட்டுமா?" பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில், இரண்டும் வேண்டாம். ரூட்டர், இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர், எண்களை மின்னலையாக்கும் டிஏசி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், அறை என்ற வரிசையில்தான் ஒலி நம் காதுக்கு வருகிறது. பணத்தை இந்த வரிசையின் கடைசியிலிருந்து செலவழித்துக்கொண்டு வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான பாடத்தை ஒரு தலைமுறை படித்து வந்திருக்கிறது. 1970களில் தொடங்கிய ஸ்காட்லாந்தின் லின் நிறுவனமும் அதன் நிறுவனர் ஐவர் டீஃபன்பிரனும், இசைத்தட்டு சுழலும் கருவிக்கே முதல் செலவு என்று வாதிட்டார்கள். அன்றைக்கு அது நியாயம். ஊசி தவறவிட்டதை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது. ஸ்ட்ரீமருக்கு வருவதோ வெறும் எண்கள். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கி, நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அது பாடுகிறது. இணைப்பில் கோளாறு இருந்தால் பாட்டு நிற்கும், விட்டுவிட்டு வரும். குரல் மங்கவோ வீணையின் நாதம் மெலியவோ செய்யாது. ஆகவே விலை உயர்ந்த நெட்வொர்க் கேபிளுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

டிஏசியும் இன்று அப்படித்தான். சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டருக்குள் இருப்பதும் ஒரு டிஏசிதான். அதன் திரிபு காதுக்கு எட்டாத அளவில் இருக்கிறது. நடுத்தர விலை ஸ்பீக்கரிலோ, சத்தமாக வைத்தால் அடிநாதத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் திரிபு வருவது சகஜம். அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே பாட்டின் தாழ்ந்த ஸ்வரங்கள் அறைக்குள் பத்து, பதினைந்து டெசிபல் ஏறி இறங்கும்.

நம் அடுக்ககங்களில் பத்துக்குப் பத்து படுக்கையறையைத்தான் பலரும் இசையறையாக்குகிறார்கள். கூரையும் ஏறத்தாழ பத்தடி. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் ஒலியலை மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில், 56 ஹெர்ட்ஸ் அருகில், தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் மட்டும் 'கும்' என்று மண்டையில் இறங்கும், அறை நடுவில் உட்கார்ந்தால் பாதி காணாமல் போகும். டிஏசியில் பத்து லட்சம் போட்டாலும் இது மாறாது. நாற்காலியை நடுவிலிருந்து இரண்டடி பின்னால் நகர்த்தினால் மாறும். நீள்சதுரமான ஹாலுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, ஷோகேஸ். டி.வி.க்கு இரண்டு பக்கமும் மர அறைக்குள் ஸ்பீக்கரைத் திணித்து, முதுகுத் துளையைச் சுவரோடு அடைத்துவைத்த வீடுகள் எத்தனையோ. ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள், மூலையிலிருந்து விலக்குங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள இடைவெளியும் உங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். பிறகு 1960களின் மோனோ பாடல் ஒன்றை வையுங்கள். பி.சுசீலாவின் குரல் இரண்டுக்கும் சரியாக நடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தைச் சரிசெய்யுங்கள். நடுவே எதுவும் நிற்காமல் குரல் அறையெங்கும் பரவி, மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் மெலிந்திருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். இதை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் மறக்கவே மாட்டீர்கள்.

டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் கையைத் தட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று ஒலி தொடர்ந்தால் கம்பளமும் கனமான திரைச்சீலையும் வாங்குங்கள். பவானி ஜமுக்காளம் அழகுதான், ஆனால் மெல்லியது. மேல்ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் அடக்கும். புத்தகம் நிறைந்த அலமாரியும் தடித்த மெத்தையும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவும் முடித்த பிறகு கடைக்குப் போங்கள். கையில் ஐம்பதாயிரம் இருந்தால் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி வீட்டில் கேட்ட பிறகு முடிவெடுங்கள். மிச்சத்தில் ஒலியை அளக்கும் மைக் ஒன்று வாங்கலாம். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால், அடிநாதம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். மேடுகளை ஈக்வலைசரால் குறையுங்கள். பள்ளத்தை நிரப்ப முயன்றால் ஆம்ப் திணறுமே தவிர பள்ளம் நிரம்பாது, அதற்கு இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரில் வாட் எண்ணிக்கை பலரை மயக்குகிறது. ஐம்பது வாட்டை நூறாக்கினால் கிடைப்பது மூன்று டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். இருக்கும் ஆம்ப் சத்தம் கூட்டும்போது கரகரக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அதைவிட அவசரமானது மின்சாரம். கரண்ட் போனதும் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைந்தால், உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கக்கூடும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும். கரண்ட் இருக்கும்போதும் இரைந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இது ஒலிக்காக மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்.

செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் இழப்பில்லா ஒலி 2021 முதல் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது, ஆனால் அமைப்புகளில் போய் நாமே இயக்க வேண்டும். மற்றச் செயலிகளிலும் தரத்தை 'தானியங்கி'யில் விடாமல் உச்சத்தில் வையுங்கள். கேசட்டிலிருந்து அவசரத்தில் பதிவேற்றிய பழைய பாட்டு மட்டும் எந்தத் தரத்தில் வந்தாலும் கேசட்டாகத்தான் ஒலிக்கும்.

ஸ்ட்ரீமர் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இன்றும் போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்புகிறீர்கள் என்றால், அது பாட்டை இன்னொரு முறை சுருக்குகிறது, அழைப்பு வந்தால் நிறுத்தியும் விடுகிறது. வைஃபை ஸ்ட்ரீமர் இணையத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்ளும். கைவேலையில் ஆர்வம் இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் மூட் அல்லது வால்யூமியோ மென்பொருளைப் போட்டுக் குறைந்த செலவிலேயே ஒன்றைச் செய்துவிடலாம். கான்கிரீட் சுவர் தாண்டி வைஃபை தடுமாறினால் சாதாரண கேட் 6 கேபிள் இழுங்கள். ஏற்கெனவே ஸ்ட்ரீமர் உள்ளவர்கள், நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தும்போதோ, கச்சேரி ஆல்பத்தில் ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவே கருவி இடைவெளி விட்டு வெட்டும்போதோ மாற்றினால் போதும்.