களவுப் பிரதியும் கணினிக் காவலும்

ஏரியூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் ஏரியும் அதன் கரையும் நம் நினைவில் எழும். பெருமழையைத் தாங்கும் கரையும் ஒரு சிறு நண்டுவளையால் உடைதல் கூடும். தருமபுரி மாவட்டத்து இச்சிற்றூரிலும் இன்று மாணவர் கைகளிற் கணினி உண்டு. அதன் கரையில் நாமே தோண்டும் வளை யாது? களவு மென்பொருளே என்பது நம் துணிபு.

களவும் நச்சுநிரலும் நெடுநாட் டொடர்புடையன. 1986ஆம் ஆண்டில், லாகூரில் மருத்துவ மென்பொருள் விற்ற உடன்பிறந்தார் இருவர், அதனைத் திருட்டுப் பிரதி செய்வாரைக் கண்டறியும் பொருட்டுப் ‘பிரெயின்’ என்னும் நிரலை இயற்றினர். தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதனுட் பொறித்திருந்தனர். நெகிழ்வட்டுகளின் வழியே அது கடல்கடந்தும் பரவிற்று.

இக்காலத்து இடர் அதனினும் கொடிது. மென்பொருளின் உரிமப் பூட்டை உடைக்கும் சிறுநிரல், முதற்கண் நச்சுத்தடுப்பானை நிறுத்துமாறு பணிக்கும். பின்னர்க் கணினியின் முழு அதிகாரத்தையும் வேண்டும். காவலனை அனுப்பிவிட்டுக் கள்வனிடம் திறவுகோலைக் கொடுப்பது போன்றதே இது. உட்புகுந்த நிரல் கடவுச்சொற்களைக் கவரலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கலாம். ‘ஸ்டாப்’ என்னும் பணப்பறி நிரல் பெரும்பாலும் இத்தகைய பூட்டுடைப்பு நிரல்களின் வாயிலாகவே பரவியது.

நிற்க. பிரதியில் நஞ்சு இல்லையெனவே கொள்வோம். அப்போதும் கேடு நீங்காது. களவு வெளிப்படுமென்று அஞ்சிப் பலர் புதுப்பிப்புகளை நிறுத்திவைக்கின்றனர். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வானாக்கிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிற்று. அது புகுந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. திருத்தம் பெறாத கணினிகளே இடர்ப்பட்டன. ஆந்திரக் காவல்துறையிலும் கேரளத்து ஊராட்சி அலுவலகங்கள் சிலவற்றிலும் கணினிகள் முடங்கின. அவை களவுப் பிரதிகள் என்று நாம் கூறவில்லை. திருத்தம் பெறாமையின் விளைவு இஃது என்பதே கருத்து.

‘பொருளில்லா மாணவர் யாது செய்வர்?’ என வினவலாம். வினா நேரியதே, நம்முட் பலர்க்கும் அந்நிலை உண்டு. ஆயினும் லிப்ரே ஆபீஸ் விலையின்றியே கிடைக்கின்றது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அத்தகையதே. இவற்றைப் பெற எவர் பூட்டையும் உடைக்கவேண்டுவதில்லை.

களவை விலக்குதல் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. வள்ளுவரும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர் உழைப்பைக் கவர்ந்தமையால், ஈராண்டு உழைத்த நம் ஆய்வேடு ஓரிரவிற் பூட்டப்படின், நாம் யாரிடம் முறையிடுவோம்? ஆதலின் நம் கணினியின் கரையை இன்றே சுற்றிப் பார்ப்போமாக. வளை காணின் அடைப்போமாக.