வீட்டுத் தோட்டத் தக்காளி விதையைக் காக்கும் முறை

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மெல்லிய தோலும் நல்ல புளிப்பும் உடைய நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அகப்படவில்லை என்று குறைப்படுவோர் பலர். அதனை மீண்டும் பயிரிட விரும்புவோர்க்கு முதலில் வேண்டுவது விதையே. விதை எவ்வாறு கைவிட்டுப் போகிறது, எவ்வாறு அதைக் காப்பது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தக்காளி தென் அமெரிக்காவிற்கு உரியது. ஐரோப்பியரால் இந்நாட்டிற்கு வந்தமையால் சீமைத் தக்காளி எனப் பெயர் பெற்றது. எனினும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக விதையெடுத்து வந்ததனால் ஊருக்கு ஊர் தனி ரகங்கள் நிலைத்தன. தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் நாட்டு ரகத்திலிருந்தே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் பி.கே.எம். 1 என்னும் ரகத்தை உண்டாக்கினர். காம்புப் பக்கம் பச்சை நிறமுள்ள அப்பழம் தூர தேசங்களுக்கு அனுப்ப ஏற்றது. அன்னஞ்சி ரகத்தின் விதை முன்னமே அழிந்திருந்தால் இப்புது ரகமும் தோன்றியிராது.

லாரியில் நசுங்காத கெட்டித் தோல் பழத்தையே வியாபாரிகள் வேண்டுவர். ஆகையால் விற்பனைக்குப் பயிரிடுவோர் வீரிய ஒட்டு ரகங்களை நாடினர். அவை மிகுந்த மகசூல் தருவன, அதில் குற்றமில்லை. ஆனால் ஒட்டு ரகப் பழத்தின் விதையை விதைத்தால் செடிகள் தாய்ச்செடியை ஒவ்வாமல் பலவிதமாகப் பிரியும். போகந்தோறும் விதை வாங்க நேரிடும். நாட்டு ரகம் அவ்வாறன்று. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதனால், அதன் விதை தாயைப் போன்ற செடியையே தரும்.

சந்தையில் மனத்திற்குப் பிடித்த பழம் கிடைத்தால் அதன் விதையைச் சிறு பாத்தியில் விதைத்துப் பார்க்கலாம். செடிகளும் காய்களும் ஒரேவிதமாக இருப்பின் அந்த ரகத்தை வைத்துக் கொள்ளலாம். பலவிதமாகப் பிரிந்தால் அது ஒட்டு ரகமென்று அறியலாம்.

விதையெடுக்கும் முறை பின்வருமாறு:

1. கார்த்திகைத் தீபம் கழிந்து, கனமழை ஓய்ந்தபின் நாற்றுவிட்டு, சுமார் 25 நாட்களில் பிடுங்கி நடவேண்டும். மாசி, பங்குனியில் பழம் வரும்.

2. விதைக்கென்று நடும் செடிகளை வேறு ரகத் தக்காளிக்கு எட்ட நடவேண்டும்.

3. இலைச்சுருட்டை முதலிய நோய் இல்லாத, நன்றாய்க் காய்த்த செடிகள் ஐந்தாறைக் குறித்துக் கொள்ளவேண்டும். ஒரே செடியை நம்பலாகாது.

4. செடியிலேயே முற்றப் பழுத்த பழங்களைப் பறித்து, விதையைச் சாற்றுடன் மண்சட்டியில் பிழிந்து, நிழலில் ஒன்று அல்லது இரண்டு நாள் புளிக்கவிட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. புளித்தால் அது நீங்கும். அதற்குமேல் விட்டால் சட்டியிலேயே முளை கிளம்பக்கூடும்.

5. நீரூற்றிக் கலக்கினால் பதர் மிதக்கும். நல்ல விதை அடியில் தங்கும். அதைப் பலமுறை அலசி, துணியில் பரப்பி, நிழலில் உலர்த்தவேண்டும்.

6. நன்றாக உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து, ஈரம் புகாத புட்டியில் இட்டு, ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதி வைக்கவேண்டும். இவ்வாறு வைத்த விதை மூன்று நான்கு வருஷம் வரை முளைக்கும்.

விதைக்குமுன் 100 விதைகளை ஈரத்துணியில் முடிந்து சோதிக்கவேண்டும். 70க்குக் குறையாமல் முளைத்தால் விதை நன்று.

ஒரு வீட்டில் மாத்திரம் உள்ள விதை எலியாலோ மழையாலோ ஒரே நாளில் அழியக்கூடும். இங்கேதான் கூட்டுறவு பயன்படுகிறது. ஒவ்வொரு ரகத்தையும் மூன்று அங்கத்தினர் வீடுகளிலாவது வைத்து, சங்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் எழுதி வரலாம். ஒரு கரண்டி விதை வாங்கியவர் அறுவடைக்குப்பின் இரண்டு கரண்டி திருப்பித் தருவது என்று ஏற்படுத்தினால், கடன் கொடுக்கக் கொடுக்க முதல் பெருகும். இதற்குச் சட்டத்தின் தடையுமில்லை. பயிர் ரகங்களையும் விவசாயிகளின் உரிமையையும் காக்கும் 2001-ஆம் வருஷத்துச் சட்டம், தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் பரிமாறிக் கொள்ளவும், வியாபாரப் பெயரிட்ட விதையாக அல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது.

பணம் தொலைந்தால் மறுபடி சம்பாதிக்கலாம். கடைசி விதையும் அழிந்துபோன ரகத்தை எவராலும் மீட்க இயலாது. ஆகையால் ஒவ்வொரு அங்கத்தினரும் இவ்வருஷம் ஒரு ரகத்தையேனும் பொறுப்பேற்றுக் காப்பாராக.