காமிக்ஸ் வாங்கப் போகிறீர்களா? காகிதமா, கம்ப்யூட்டரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனிமேல் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் புத்தகம் எதற்கு? எல்லாவற்றையும் டிஜிட்டலில் வாங்கிவிடலாமா?" உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். நான் இரண்டு வகையிலும் காமிக்ஸ் வாங்கியவன். இரண்டு வகையிலும் இழந்தவன். அந்த அனுபவத்துடன் இதற்கான பதிலைப் பார்க்கலாம்.

இரண்டு இழப்புகள்

என் அப்பா சிறு வயதிலிருந்தே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் சேர்த்து வைத்தவர். 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கிய போது வந்த இரும்புக்கை மாயாவி முதல் பல புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பாதிப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

"காகிதம் என்றால் இப்படித்தான்" என்று நினைத்து, கல்லூரியில் படித்தபோது நான் டிஜிட்டலுக்கு மாறினேன். ஓர் இணையக் கடையில் நாற்பது காமிக்ஸ் வரை வாங்கினேன். கல்லூரி கொடுத்த இமெயில் முகவரியில்தான் கணக்கு தொடங்கியிருந்தேன். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி மூடப்பட்டது. பாஸ்வேர்டை மறந்தபோது, அதை மாற்றுவதற்கான கடிதம் அந்த முகவரிக்கே சென்றது. நாற்பது புத்தகங்களும் போயின. மழை பாதியையாவது விட்டு வைத்தது!

எனவே முதல் பாடம்: எதை வாங்கினாலும் பள்ளி, கல்லூரி, அலுவலக இமெயிலில் கணக்கு தொடங்காதீர்கள். உங்கள் சொந்த முகவரியையே கொடுங்கள்.

திரையில் பக்கம் எப்படித் தெரியும்?

அமெரிக்க மாத இதழ் காமிக்ஸின் பக்கம் ஏறக்குறைய 10.25 அங்குல உயரம் கொண்டது. 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரமோ சுமார் 7.6 அங்குலம்தான். முழுப் பக்கத்தையும் காட்டினால், அச்சில் உள்ளதில் முக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். வசன எழுத்துக்களைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதிருக்கும். அகலத்திற்கு ஏற்பப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகத் தெரியும்; ஆனால் ஒரு நேரத்தில் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இதில் கதைக்கும் பாதிப்பு உண்டு. வில்லன் யார் என்பதைக் காட்டும் படத்தை, பக்கத்தைப் புரட்டிய பின்னர் தெரியும்படி ஓவியர் வைத்திருப்பார். இரண்டு பக்கங்களை இணைத்து ஒரே பெரிய ஓவியமாகவும் வரைந்திருப்பார். திரையில் பக்க ஜோடி மாறிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. சுமத்ரா பி.டி.எப். என்ற இலவச புரோகிராம் காமிக்ஸ் பைல்களையும் திறக்கும். இதில் கன்ட்ரோல் கீயுடன் 8ஐ அழுத்தினால், அட்டை தனியாகவும் மற்றவை அச்சுப் புத்தகத்தில் உள்ளபடி ஜோடியாகவும் தெரியும். கன்ட்ரோல் + 6 அழுத்தினால் ஒற்றைப் பக்கம். கன்ட்ரோல் + 2 அழுத்தினால் அகலத்திற்கேற்ற அளவு.

நீங்கள் வாங்குவது புத்தகமா, அனுமதியா?

காகிதப் புத்தகம் வாங்கினால் அது உங்களுடையது. நண்பருக்குத் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். டிஜிட்டலில் பெரும்பாலான கடைகள் விற்பது படிப்பதற்கான அனுமதியை மட்டுமே. பைல் டி.ஆர்.எம். என்னும் பூட்டுடன் வரும். அல்லது பைலே தரப்படாமல் இணையத்தில் மட்டும் படிக்கும்படி இருக்கும்.

கடை மூடினால் என்ன ஆகும்? ஜப்பானியக் காமிக்ஸ்களை ஆங்கிலத்தில் தந்த ஜேமாங்கா தளம் 2013 மே மாதம் மூடப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதன் பின்னர் அங்கு வாங்கியவற்றைப் படிக்க இயலவில்லை. மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை 2019ல் மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் நூல்கள் மறைந்தன. பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

பூட்டு இல்லாமல் விற்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 1977 முதல் வரும் 2000 ஏ.டி. இதழ், தன் இணையக் கடையில் பி.டி.எப்., சி.பி.இஸட். வடிவங்களில் பைலையே டவுண்லோட் செய்திடத் தருகிறது.

வாங்கும் முன் ஒரு சிறிய சோதனை செய்திடுங்கள். அந்தக் கடையில் இலவச அல்லது விலை குறைந்த ஒரு புத்தகத்தை மட்டும் முதலில் பெறுங்கள். பைலை பென் டிரைவில் காப்பி செய்து, இணைய இணைப்பு இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால் பைல் உங்கள் கையில் உள்ளது. திறக்காவிட்டால் நீங்கள் வாடகைதாரர்தான். வாடகைக்குத் தகுந்த விலையை மட்டும் கொடுங்கள்.

சி.பி.இஸட். பைலுக்குள் என்ன இருக்கிறது?

பெயர்தான் புதிது, இது சாதாரண ஸிப் பைல்தான். நீங்களே பார்க்கலாம்.

1. பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கவும். விண்டோஸ் 11ல் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டன்ஷன்ஸ் என வரிசையாகத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 10ல் வியூ டேப்பிலேயே இதற்கான கட்டம் உள்ளது. அதில் டிக் செய்திடவும்.

2. காமிக்ஸ் பைலுக்கு ஒரு நகல் எடுக்கவும். மூல பைலில் கை வைக்க வேண்டாம்.

3. நகலின் பெயரில் கடைசியில் உள்ள சி.பி.இஸட். என்பதை நீக்கி, ஸிப் என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துக்களை அமைக்கவும். எச்சரிக்கை வந்தால் யெஸ் கொடுக்கவும்.

4. டபுள் கிளிக் செய்திடவும். பக்கங்கள் தனித்தனிப் படங்களாக வரிசையில் இருக்கும்.

இதனால் என்ன பயன்? நாளை காமிக்ஸ் படிக்கும் புரோகிராம்கள் எல்லாம் மறைந்தாலும், படங்களைக் காட்டும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இதைப் படிக்கலாம். வீட்டிலுள்ள பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து வைக்கவும் இதே வழிதான். படங்களுக்கு 001, 002 என்று பெயரிட்டு, ஸிப் செய்து, எக்ஸ்டன்ஷனை சி.பி.இஸட். என மாற்றிவிடுங்கள். 1, 2 என்று பெயரிட்டால் சில புரோகிராம்கள் 1க்குப் பின் 10ஐக் காட்டிவிடும். இப்படி ஸ்கேன் செய்தவை உங்கள் உபயோகத்திற்கு மட்டுமே. இணையத்தில் ஏற்றுவது காப்புரிமை மீறல். சிறிய பதிப்பகங்களின் வயிற்றில் அடிப்பதாகவும் ஆகும்.

ஸ்கேன் செய்வோருக்கு ஒரு கணக்கு. ஏ5 அளவுப் பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் எடுத்தால் 1,748 x 2,480 பிக்ஸல்கள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 13 மெகா பைட். ஜேபெக் ஆக்கினால் இதில் சிறு பங்குதான். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியே தனி டிரைவில் ஒன்று என இரண்டு நகல்கள் வைக்கவும்.

எதை எப்படி வாங்கலாம்?

ஒரு முறை படித்துவிட்டு விடும் கதைகள், வாரந்தோறும் தொடரும் நீண்ட கதைகள், இங்கு கிடைக்காத வெளிநாட்டு இதழ்கள் ஆகியவற்றை டிஜிட்டலில் வாங்கலாம். அலமாரி நிறையாது, தபால் செலவும் இல்லை. மீண்டும் மீண்டும் படிப்பவை, பெரிய வண்ண ஓவியங்கள் கொண்டவை, சிறு பிள்ளைகளுக்கானவை எனில் காகிதமே மேல். பிள்ளைகள் தரையில் பரப்பி வைத்துப் படிப்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் மாற்றிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் அது நடக்காது.

என் உறவினருக்கும் இதையே சொன்னேன். அப்பாவின் பெட்டியில் மிஞ்சியவற்றை இப்போது வாரம் ஒன்றாக ஸ்கேன் செய்து வருகிறேன். புத்தகங்களைத் தரையிலிருந்து எடுத்து, சுவர் ஓரம் இல்லாத உயரமான அலமாரிக்கு மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அடுத்த மழைக்கு முன் திறந்து பார்த்துவிடுங்கள்.