எந்தத் தெருவுக்குப் பிள்ளைகள் வருவார்கள்?

கேள்வி: வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரம் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்ததிலிருந்து நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைக்கிறேன். ஒரு காலத்தில் விளக்கேற்றும் முன்பே பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். எவ்வளவு கடலை ஊறப்போட்டாலும் சுண்டல் மிஞ்சாது. இப்போது ஒன்பது நாளும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகள் வந்தால் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இன்றும் கூட்டம் வருகிறது. ராஜபாளையத்தில் புதிய நகர் ஒன்றில் வீடு கட்டியிருக்கும் என் மகன் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. போன வருஷம் அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வருவார்கள் என்றாள். வாங்கி வைத்த மிட்டாய்ப் பை பிரிக்காமலே கிடந்தது. இரண்டு தெரு தள்ளி அவள் சிநேகிதி வீட்டிலோ ஏழரை மணிக்கே எல்லாம் தீர்ந்து வாசல் விளக்கை அணைத்துவிட்டார்களாம். ஒரே ஊர், ஒரே நாள், ஏன் இப்படி? நம் பக்கம் பக்தி குறைந்துவிட்டதா? பிள்ளைகள் மறுபடி வர நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, மகாராஜபுரம்

பதில்: அம்மா, உங்கள் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வராததற்குப் பக்தியைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வரும் அமெரிக்கப் பிள்ளைக்கும், சுண்டல் வாங்க வரும் நம் ஊர்ப் பிள்ளைக்கும் மனக்கணக்கு ஒன்றுதான். எந்த வாசலுக்குப் போனால் வரவேற்பு இருக்கும், போகிற வழி எப்படி, கூட யார் வருகிறார்கள் என்று மூன்றைப் பார்க்கிறார்கள். இந்த மூன்றும் தெருவுக்குத் தெரு மாறும். அதனால்தான் தங்கை வீட்டில் கூட்டம், மகன் வீட்டில் யாரும் இல்லை.

வழியிலிருந்து தொடங்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நூறடி நடந்தால் ஐந்தாறு வாசல். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திண்ணைதான் இருக்கும். தெருவில் நின்றே உள்ளே கொலு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். போதாததற்கு, ஆண்டாள் கோயிலுக்கு வந்து போகிறவர்களின் நடமாட்டம் சாயங்காலம் முழுக்க இருக்கும். பிள்ளையைத் தனியாக அனுப்பத் தாய்க்குத் தயக்கம் வராது.

புதிய நகர்களில் இதெல்லாம் தலைகீழ். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முள் மண்டிய காலி மனை. காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், அழைப்பு மணி. ராஜபாளையம் என்றால் கேட்டுக்குள் நாயும் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை கேட்டைத் தாண்டி மணியை அழுத்திவிட்டுக் காத்து நிற்காது. தெருவிளக்கு இரண்டு எரியவில்லை என்றால் அம்மாவும் அனுப்ப மாட்டாள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸில்லோ என்ற வீட்டுமனை நிறுவனம் ஹாலோவீனுக்குத் தோதான நகரங்கள், பகுதிகள் என்று பட்டியல் வெளியிட்டபோது, வீட்டு விலையோடு நடந்து போகும் வசதியையும் குற்ற நிலவரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரிய தோட்டத்துக்கு நடுவே தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும் பணக்காரத் தெருவில், வீட்டுக்காரர் மனசு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கால்தான் வலிக்கும். நடைபாதை இல்லாத சாலை என்றால் உயிருக்கே ஆபத்து. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு விபத்துக் கணக்குகளைப் பார்த்த ஓர் ஆய்வு, மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறப்பது 43 சதவீதம் அதிகம் என்று கண்டது. தெருவைப் பார்த்துப் பெற்றோர் முடிவெடுப்பது நியாயம்தான்.

அடுத்தது வரவேற்பு. அங்கே வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது. எழுதாத இந்தச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெங்களூரிலும் சென்னையிலும் ஹாலோவீன் கொண்டாடும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எந்தெந்த வீட்டு மணியை அழுத்தலாம் என்று வாட்ஸாப்பில் முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். நம்மிடம் இதைவிட அழகான ஏற்பாடு இருந்தது. பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், 'எங்க வீட்ல கொலு வெச்சிருக்கோம், வெத்தல பாக்கு வாங்கிக்க வாங்க' என்று அழைத்துவிட்டு வருவார்கள். பல இடங்களில் அந்தச் சிறுமிகளில் ஒருத்திக்குப் பக்கவாட்டில் கொண்டை போட்டு, கையில் கிளியைக் கொடுத்து ஆண்டாள் ஆக்கியிருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அந்தக் கொண்டையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழைக்கப்போகும் பிள்ளைகள் அப்படியே நாலு வீட்டுக் கொலுவையும் பார்த்துவிடுவார்கள்; எந்த வீட்டில் பட்டாணி, எந்த வீட்டில் காராமணி, யார் வீட்டில் பாடினால்தான் சுண்டல் என்ற விவரமெல்லாம் அன்று ராத்திரிக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். இன்று அந்த அழைப்பு பெரியவர்களின் போனுக்குள் சுருங்கிவிட்டது. பெரியவர்களுக்குச் செய்தி போகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: துணை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இத்தனை பெரிய வித்தியாசம் வருவது இதனால்தான். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978-ல் கூட்டம் சேரும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை உங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன். ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் பிள்ளை யார் வந்தாலும் வராவிட்டாலும் கிளம்பிவிடும். இரண்டாவதற்கு ஒருவர் துணை வேண்டும். மூன்றாவது, இரண்டு பேர் போனால் வரும். நான்காவதற்கு மூன்று பேர், ஐந்தாவதற்கு நான்கு பேர் வேண்டும். முதல் பிள்ளை கிளம்பினால் ஐந்தும் உங்கள் கூடத்தில் இருக்கும். அந்த ஒரு பிள்ளை அன்று பாட்டி வீட்டுக்குப் போயிருந்தால் ஒன்றுகூட வராது. இரண்டு தெருப் பிள்ளைகளின் ஆசையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கிளம்ப ஒரு பிள்ளை இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். உங்கள் மகள் வீட்டு மிட்டாய்ப் பை பிரிக்காமல் கிடந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். இரண்டு தெரு தள்ளி நிறைய வீடுகளில் விளக்கு எரிகிறது என்று தெரிந்தால், இந்தத் தெருப் பிள்ளைகளையும் பெற்றோர் அங்கேதான் கூட்டிப்போவார்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மறந்துவிடக்கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். நீங்கள் கல்யாணமாகி வந்த காலத்தில் வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் சாதாரணம். அவர்கள் வளர்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் தாண்டியும் போய்விட்டார்கள். இருக்கிற பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு டியூஷன். காலாண்டு விடுமுறையில் நவராத்திரி விழுந்தால் பிள்ளைகள் கொஞ்சம் கூடுவார்கள். பள்ளி திறந்த பிறகு வந்தால் குறைவார்கள். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் இன்னும் குறைவார்கள். சதுரகிரியில் ஆனந்தவல்லி அம்மன் நவராத்திரி விழாவுக்கு மலையேறும் குடும்பங்களின் வீடுகள் அந்த நாட்களில் பூட்டியிருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையில் பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கப் போயிருப்பார்கள்.

தெருவுக்குத் தெரு இந்த வித்தியாசம் வராத வழக்கங்களும் நம் மண்ணில் உண்டு. மார்கழி விடியற்காலைப் பஜனைக் கோஷ்டிக்கு வழி முன்பே தீர்மானமாகியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சிலிருந்து கிளம்பும் கேரல் குழுவும் எந்த இரவு எந்தத் தெரு என்று திட்டமிட்டுத்தான் வருகிறது. கடைசி வீட்டுக் கிழவிக்கும் பாட்டு கிடைக்கும். குழு தானே வாசலைத் தேடி வரும்போது யாரும் விட்டுப்போவதில்லை. கொலுவுக்கும் ஹாலோவீனுக்கும் போகிறவர்களே வாசலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே கூட்டம் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடம் வெறிச்சோடும். உங்கள் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு அவர்கள் வரவில்லையே என்று வருந்துகிறோம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் கொலு வீட்டுக்கு எல்லாப் பிள்ளைகளையும் அழைக்கும் வழக்கம் இருந்ததா? பல ஊர்களில் குங்குமச் சிமிழ் ஒன்றிரண்டு தெருக்களைத் தாண்டியதில்லை. அடுத்த தெருப் பிள்ளைக்கு வாசலோடு சுண்டல், கூடம் வரை அனுமதி இல்லை. கணவரை இழந்த பெண்களுக்கு அழைப்பே கிடையாது. அந்த ஒன்றிரண்டு தெருக்களில் பிள்ளைகள் குறைந்ததும் கொலு வீடு வெறிச்சோடியது. ஊரில் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நாம் அழைக்காத தெருக்களில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2014-ல் ஸ்லேட் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. வசதியான பகுதியில் இருப்பவர் எழுதியது. எளிய பகுதிகளிலிருந்து வண்டியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கள் தெருவில் இறக்கிவிடுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்குவது என் பொறுப்பா என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய எமிலி யாஃபி அவரை நன்றாகக் கண்டித்து, கடைக்குப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான மிட்டாய் வாங்கி வைக்கச் சொன்னார். எனக்கு அந்தப் பதிலில் முழுச் சம்மதம். வாசலுக்கு வந்த பிள்ளையை எந்தத் தெரு என்று கேட்பது பண்டிகைக்கு அழகில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்பது நாளையும் பிள்ளைகளுக்காகத் திறந்துவைத்துக் காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை தவிர்த்து இரண்டு சாயங்காலங்களை மட்டும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். பள்ளி விட்டு வந்து டியூஷன் கிளம்பும் முன், ஐந்திலிருந்து ஆறு வரை. நேரம் குறுகினால் எல்லோரும் ஒன்றாக வருவார்கள், ஒருவருக்கொருவர் துணையாவார்கள்.

ஒரு வாசலுக்காகப் பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். ஊரில் கொலு வைக்கும் இன்னும் இரண்டு மூன்று வீடுகளோடு பேசி, அதே நாள், அதே நேரம் என்று வையுங்கள். ஒரு வீட்டில் கொண்டைக்கடலை என்றால் அடுத்த வீட்டில் பாசிப்பயறு, அதற்கடுத்த வீட்டில் ஒரு விளையாட்டு. நடப்பதற்கு ஒரு சுற்று கிடைத்தால் பிள்ளைகள் கிளம்புவார்கள்.

முதல் பிள்ளையை நீங்களே தேடிப்பிடியுங்கள். எந்தத் தெருவிலும் பயமில்லாத வாயாடிச் சிறுமி ஒருத்தி இருப்பாள். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே அவளையும் அவள் கூட்டாளிகளையும் கூப்பிட்டுக் கொலுவுக்குக் கீழே பூங்கா அமைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தட்டில் மண் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் கொலு தொடங்கும் நாளுக்குப் பச்சைப்பசேலென்று முளைத்து நிற்கும். சதுரகிரி மலையை அவர்களே கட்டட்டும், பிளவக்கல் அணையையும் வைக்கட்டும். தன் கையால் மலை கட்டிய பிள்ளை அதைக் காட்டப் பத்துப் பேரை இழுத்துக்கொண்டு வரும். அந்தப் பத்துப் பேரின் அம்மாக்களும் பின்னால் வருவார்கள்.

அந்தப் பிள்ளைகள் கையிலேயே குங்குமச் சிமிழைக் கொடுத்து ஊரின் எல்லாத் தெருவுக்கும் அனுப்புங்கள், பெரியவர் ஒருவர் துணையோடு. பள்ளி ஆசிரியர்களிடமும் சொல்லிவையுங்கள். வேஷம் கட்டி வரலாம், பாடலாம், கதை சொல்லலாம், ஒன்றும் செய்யாமல் சுண்டல் மட்டும் வாங்கிக்கொண்டும் போகலாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் டெமாயின் என்ற ஊரில் மிட்டாய்க்குப் பதிலாகப் பிள்ளைகள் ஒரு வேடிக்கைத் துணுக்குச் சொல்வது நெடுங்கால வழக்கம். நம் கொலுப் பாட்டுக்கு அது உறவுதான். ஆனால் கூச்சப்படும் பிள்ளையைப் பாடு பாடு என்று வற்புறுத்தினால் அது அடுத்த நாள் வராது. வாசலில் பெரிய கோலம், கதவு திறந்தபடி, விளக்கு எரிந்தபடி இருக்கட்டும். உங்கள் மகன் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்காவது கேட்டைத் திறந்துவைத்து, நாய் இருந்தால் பின்கட்டில் கட்டச் சொல்லுங்கள்.

வந்தவர்கள் எல்லோரையும் கூடத்தில் ஒரே ஜமக்காளத்தில் உட்காரவையுங்கள். எல்லோருக்கும் ஒரே தொன்னை, ஒரே அளவு. தனியாக வாழும் பெண்களையும் கணவரை இழந்தவர்களையும் நீங்களே நேரில் போய் அழைத்துத் தாம்பூலம் கொடுங்கள். ஊருக்கு மூத்தவரான நீங்கள் செய்தால் இளையவர்கள் தயங்காமல் பின்பற்றுவார்கள்.

முதல் வருஷமே கூட்டம் வந்துவிடாது. இருபது பிள்ளைகள் வந்தால் அவர்கள் அடுத்த வருஷத்தின் முதல் பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடலையைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறப்போடுங்கள் அம்மா. இந்த முறை ஊர் முழுவதையும் அழையுங்கள்.